கண் மங்கிய தங்க மீன்

பெண்களின் கண்ணுக்கு உவமை தேடிய தமிழ்க் கவிராயர்கள் காலங்காலமாகக் கயலையும் கெண்டையையும் விட்டபாடில்லை. கயல்விழி என்றும் அங்கயற்கண்ணி என்றும் பெயர் சூட்டி மகிழ்ந்தோம். மதுரையில் மீனாட்சி என்று கோயில் கட்டிக் கும்பிட்டோம். மீன் தன் பார்வையாலேயே முட்டையைப் பொரிக்கும் என்று பெரியவர்கள் சொன்னதையும் கேட்டுக்கொண்டோம். எல்லாம் சரி. அந்த மீனுக்கே ஒரு நாள் கண் மங்கிப் போனால்?

சிரிக்காதீர்கள், நேயர்களே! கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் வீடுகள் பெருகிவிட்ட காலம் இது. தொட்டியில் இருக்கும் மீனுக்கும் வயதாகிறது.

ஆழ்வார்திருநகரியில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். சற்றுத் தள்ளித் தாமிரபரணி ஓடுகிறது. பத்து வருஷத்துக்கு முன் பேரன் சென்னைக் கொளத்தூரிலிருந்து இரண்டு தங்க மீன்களைப் பிளாஸ்டிக் பையில் தண்ணீரோடு கட்டி ரயிலில் கொண்டு வந்து இறக்கினான். கொளத்தூர், வண்ண மீன் வளர்ப்புக்கும் வியாபாரத்துக்கும் பேர் போன இடம். அப்புறம் அவன் படிப்பு, உத்தியோகம் என்று வெளியூர் போய்விட்டான். மீன் ஆச்சியின் பொறுப்பாயிற்று. (எல்லா வீட்டிலும் இப்படித்தான் முடிகிறது. ஆசைப்பட்டு வாங்குகிறவர் ஒருவர், தண்ணீர் மாற்றுகிறவர் இன்னொருவர்!) இரண்டில் ஒன்று போய், ஒன்று இருக்கிறது. கொஞ்ச நாளாக அது தீனிக்கு ஓடி வருவதில்லை. மிதக்கும் உருண்டைக்கு ஒரு விரற்கடை தள்ளி வாயைத் திறந்து மூடுகிறது. கல்லில் போய் முட்டிக்கொள்கிறது. கண்ணின் நடுவே ஜவ்வரிசி வைத்தாற்போல் ஒரு வெள்ளை.

ஆச்சிக்குப் புரை விழுந்தால் திருநெல்வேலியில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி 1988 முதல் இருக்கிறது. மீனை எங்கே தூக்கிக்கொண்டு போவது? "பாவம், ஆற்றில் விட்டுவிடலாமே" என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். அந்த யோசனைக்குப் பிறகு வருவோம். முதலில் கண்ணைப் பார்ப்போம்.

மீனுக்கு இமை கிடையாது. தூங்கும்போதும் கண் திறந்தே இருக்கும். நம்முடைய கண்ணில் இருக்கும் வில்லை தட்டையானது; மீனுடையதோ கோலிக்குண்டு மாதிரி உருண்டை. வெங்காயத்தைப் போல் அது அடுக்கடுக்காக வளருகிறது. பழைய அடுக்கு எதுவும் கழிவதில்லை. கிரீன்லாந்துச் சுறாவின் வயதைக் கண்டுபிடித்ததே இந்த வில்லையின் நடுப்பகுதியை வைத்துத்தான். 2016-ல் வெளியான அந்த ஆராய்ச்சியில், ஐந்து மீட்டர் நீளமுள்ள ஒரு பெண் சுறாவுக்குக் குறைந்தது 272 வயதாவது இருக்கும் என்று கணக்கிட்டார்கள்.

ஆகவே வயதேற ஏற வில்லை கலங்குவதில் வியப்பில்லை. ஆனால் முதுமை ஒன்றே காரணம் என்று கை கழுவிவிடக் கூடாது. தீனியில் சத்துக் குறைந்தாலும் புரை விழும். இன்னொரு காரணமும் உண்டு. கொக்கின் குடலில் ஒரு வகைப் புழு. அதன் எச்சத்தோடு முட்டை தண்ணீரில் விழுகிறது. நத்தைக்குள் புகுந்து வளர்ந்து வெளியே வருகிறது. மீனின் உடம்பைத் துளைத்து நேரே கண்ணுக்குப் போய்ச் சேருகிறது! குருடான மீன் கொக்குக்குச் சுலபமாக அகப்படும். புழு மறுபடி கொக்கின் வயிற்றுக்கே திரும்பிவிடும். இதை நினைத்தால் தந்திரசாலிகள் என்று நாம் சொல்லும் மனிதர்களெல்லாம் சும்மா என்று தோன்றுகிறது. வீட்டுத் தொட்டிக்கு இந்த ஆபத்து குறைவு. குளத்து நத்தையையும் ஆற்றுப் பாசியையும் "அழகாயிருக்கிறதே" என்று கொண்டு வந்து போடாமல் இருந்தால் போதும்.

வெள்ளை எங்கே இருக்கிறது என்பதை நன்றாகக் கவனியுங்கள். கண்ணின் உள்ளே, நடுவில் முத்துப்போல் தெரிந்தால் அது புரை, தெளியாது. கண்ணின் மேல் தோல் முழுவதும் பனி படர்ந்தாற்போல் இருந்தால் அது வேறு. அடிபட்டிருக்கலாம், பெரும்பாலும் தண்ணீர் கெட்டிருக்கும். மிஞ்சிய தீனியும் கழிவும் அழுகி அம்மோனியா சேர்ந்து கண்ணை அரித்திருக்கும். தண்ணீரைச் சீர்படுத்தினால் இந்தப் பனி பல சமயம் விலகிவிடும். மனிதருக்கு வாங்கிய கண் சொட்டு மருந்தைத் தொட்டியில் விடுகிற வேலை மட்டும் வேண்டாம்.

கண் போன மீன் கறுத்துப் போவதும் உண்டு. மீன் தான் இருக்கும் இடத்தின் வெளுப்பையும் கறுப்பையும் கண்ணால் அளந்து அதற்குத் தக்கபடி தன் நிறத்தை மாற்றிக்கொள்ளும். கண் ஒன்றும் சொல்லாவிட்டால் உலகமே இருட்டு என்று உடம்பு எடுத்துக்கொள்கிறது.

உலகமே இருட்டு என்றேன். மீனுக்கு அப்படி இல்லை. கண் திறவாமல் புளிய மரத்தடியில் பதினாறு வருஷம் அமர்ந்திருந்தார் நம்மாழ்வார் என்று சொல்லும் ஊர் ஆழ்வார்திருநகரி. காண்பதற்குக் கண் ஒன்றே வழியல்ல என்று அந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மீனின் விலாவில் தலை முதல் வால் வரை ஒரு கோடு ஓடுகிறது, பார்த்திருப்பீர்கள். தண்ணீரின் மிகச் சிறிய அசைவையும் அது உணரும். கல்லை நெருங்கினால் நீரோட்டம் மாறுகிறதல்லவா? அந்த மாற்றமே கல் இருப்பதைச் சொல்லிவிடும். மூக்கும் கூர்மையானது. காதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தங்க மீன் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. வயிற்றிலுள்ள காற்றுப் பையிலிருந்து உட்காதுக்குச் சின்னஞ்சிறு எலும்புகள் சங்கிலிபோல் போகின்றன. அந்தக் குடும்பத்துக்குக் கேள்வி ஞானம் அதிகம்!

தேனீக்களின் ஆராய்ச்சிக்காக 1973-ல் நோபல் பரிசில் பங்கு பெற்ற கார்ல் வான் ஃபிரிஷ் என்ற விஞ்ஞானியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவரிடம் ஒரு கெளுத்தி மீன் இருந்தது. அதற்குக் கண் இல்லை. தொட்டிக்குள் ஒரு குழாய்; அதில் நாள் முழுவதும் பதுங்கிக் கிடக்கும். தீனி வைக்கும்போதெல்லாம் அவர் சீழ்க்கை அடித்தார். சில நாட்கள் போயின. ஒரு நாள் தீனி இல்லாமல் வெறும் சீழ்க்கை மட்டும் அடித்தார். மீன் குழாயைவிட்டு வெளியே வந்தது! "சீழ்க்கை அடித்தால் வரும் கெளுத்தி" என்ற பொருள்படத் தலைப்பிட்டு 1923-ல் கட்டுரை எழுதினார். மீனுக்குக் காது கேட்குமா என்று பண்டிதர்கள் சர்ச்சை செய்துகொண்டிருந்த காலம் அது.

மெக்ஸிகோ நாட்டுக் குகைகளில் பிறவியிலேயே கண்ணில்லாத மீன்கள் உண்டு. நமக்குப் பக்கத்தில், கேரளத்துக் கோட்டயம் கிணறுகளிலும் ஒரு குருட்டுக் கெளுத்தி கிடைத்து, 1950-ல் அதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார்கள். மெக்ஸிகோ மீனைப் புதுத் தொட்டியில் விட்டால் வேகமாகச் சுற்றிச் சுற்றி வந்து இடத்தை மனப்பாடம் செய்துகொள்கிறது. அப்புறம் நிதானமாக நீந்துகிறது. உள்ளே இருக்கும் ஒரு பொருளை நகர்த்தி வைத்தால் மறுபடி ஆராயத் தொடங்குகிறது.

ஆச்சியின் மீனுக்கு வேண்டிய வைத்தியம் இதிலேயே கிடைத்துவிட்டது. கண்ணுக்குப் பதில் ஞாபகம். ஞாபகம் பலிக்க வேண்டுமானால் தொட்டி நேற்று இருந்தபடியே இன்றும் இருக்க வேண்டும். கூரான கல், பிளாஸ்டிக் செடி, சங்கு, மண்டபம் முதலிய அலங்காரங்களை ஒரே தடவையில் எடுத்துவிடுங்கள். மிச்சம் இருப்பதைப் பண்டிகைக்குக் கூட இடம் மாற்றாதீர்கள். தண்ணீர் இறைக்கும் கருவி வேகமாக அடித்தால் அதன் இரைச்சலில் விலாக்கோட்டுக்கு எதுவும் புரியாது, மெதுவாக வையுங்கள். துடுக்கான மீன்களைப் பிரித்துவிடுங்கள். கனடாவில் வான்கூவர் காட்சிசாலையில் ஒரு மீனுக்குப் பொய்க்கண் வைத்தது அழகுக்காக அல்ல. கண் இல்லாத பக்கமாக வந்து மற்ற மீன்கள் தாக்கியதனால்தான்!

தீனி எப்போதும் ஒரே நேரத்தில், ஒரே மூலையில். போடுமுன் தொட்டியின் விளிம்பில் கரண்டிக் காம்பால் மெல்ல மூன்று தட்டு. கண்ணாடியில் ஓங்கித் தட்டினால் மீன் வெருண்டு மோதிக்கொள்ளும். மிதக்கும் தீனி வேண்டாம். அடியில் தங்குவதாக, நனைத்துப் போடுங்கள். தோலுரித்து வேகவைத்த பட்டாணியைத் தங்க மீன் பிரியமாகத் தின்னும். பத்து நிமிஷம் பார்த்து, மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீரை மட்டும் மாற்றினால் போதும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். வாளியில் பிடித்து ஒரு நாள் வைத்திருந்து ஊற்றுவது நல்லது. நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். தண்ணீர் சூடேறினால் அதில் கரையும் பிராணவாயு குறையும். அந்த நேரம் பார்த்து மின்சாரமும் நின்றால், செம்பில் மொண்டு சற்று உயரத்திலிருந்து மெதுவாக ஊற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இனி, ஆற்றில் விடுகிற யோசனை. பாபநாசம் படித்துறையில் பொரி போட்டால் மீன்கள் மொய்க்கும் காட்சியைப் பார்த்தவர்களுக்கு, "அங்கே ஒன்றோடு ஒன்றாக இருந்துவிட்டுப் போகட்டும்" என்று தோன்றும். அவை அந்த ஆற்றிலேயே பிறந்து வளர்ந்த மீன்கள். பத்து வருஷம் இரண்டடித் தொட்டியில் இருந்த குருட்டுத் தங்க மீனுக்கு அங்கே மனப்பாடம் செய்த மூலை ஏது? கொக்கோ விராலோ அன்றைக்கே அதன் கணக்கைத் தீர்த்துவிடும். ஆற்றுக்கும் நல்லதல்ல. தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்கிய, உடம்பெல்லாம் முள்ளோடு கூடிய உறிஞ்சுவாய் மீன்களை இப்படிக் கொண்டுபோய் விட்டுத்தான் தமிழ்நாட்டின் பல ஏரிகளில் அவை பெருகி, வலை வீசுகிறவர்களின் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கின்றன. புண்ணியம் தேட வேறு வழி பார்க்கலாம்.

சந்தேகம் இருந்தால் விசாரிக்க இடமும் உண்டு. தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. மீன் நோய்களைக் கற்றவர்கள் அங்கே இருப்பார்கள். மீனைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்; கண்ணின் போட்டோவும் ஒரு புட்டித் தொட்டித் தண்ணீரும் எடுத்துப் போங்கள்.

இந்த உபசாரமெல்லாம் எத்தனை நாளைக்கு என்று கேட்கிறீர்களா? இங்கிலாந்தில் 1956-ல் ஒரு பொருட்காட்சியில் பரிசாகக் கிடைத்த தங்க மீன் ஒன்று, செந்நிறமெல்லாம் வெளுத்து வெள்ளியாகி, 1999-ல்தான் இறந்தது. நாற்பத்து மூன்று வருஷம்! எல்லா மீனுக்கும் அந்த யோகம் வாய்க்காது. நன்றாக வைத்திருந்தால் பத்து, பதினைந்து, இருபது என்று போகும். பல நாட்கள் தீனி தொடாமல், உடம்பு வற்றி, பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் வைத்தியரைக் கலந்துகொள்ளுங்கள். வேதனையில்லாமல் முடித்து வைக்கும் முறைகள் அவருக்குத் தெரியும். கண் போய்விட்டது என்ற ஒரே காரணத்துக்காக அவசரப்பட வேண்டாம். தட்டுச் சத்தம் கேட்டு மூலைக்கு வருகிற மீன் இன்னும் பசியோடுதான் இருக்கிறது.

ஆச்சி நவதிருப்பதி சேவிக்கவோ, பேரன் வீட்டுக்கோ புறப்படும்போது பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்தால் மட்டும் போதாது. எந்தக் கரண்டி, எத்தனை தட்டு, எந்த மூலை என்பதையும் சொல்லிவிட்டுப் போகட்டும்.