வீட்டுக்கு ஓர் ஒட்டியாணம்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், கான்சாபுரம் பக்கம் வீடு கட்டப் போகிறீர்களா? மனை பார்த்திருப்பீர்கள், வாஸ்துவுக்கு நாளும் குறித்திருப்பீர்கள். பூகம்பத்தைப் பற்றிக் கொத்தனாரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களோ?

"நம் ஊரிலாவது, பூகம்பமாவது!" என்று சிரிக்காதீர்கள். 1900 பிப்ரவரி 8-ந் தேதி கோயமுத்தூர்ச் சீமையில் பூமி குலுங்கியது. அதன் அளவு ஏறக்குறைய ஆறு.

மகாராஷ்டிரத்தில் கில்லாரி கிராமத்தாரும் நம்மைப் போல் கவலையின்றித்தான் இருந்தார்கள். 1993 செப்டம்பர் 30, விடிவதற்கு முன் பூமி அசைந்தது. அளவு 6.2. இமயமலைப் பக்கத்துப் பூகம்பங்களோடு ஒப்பிட்டால் இது நடுத்தரந்தான். ஆனாலும் அந்த வட்டாரத்தில் ஏழாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். கொன்றது பூமியல்ல, வீடு! சேற்றில் அடுக்கிய கனத்த கல் சுவர். அதன் தலையில் மண் சுமந்த கூரை.

பூகம்பத்தில் சுவர் பக்கவாட்டில் ஆடும். நாலு சுவரும் நாலு விதமாய் ஆடினால் மூலை பிளக்கும், கூரை இறங்கும். நாலையும் சேர்த்துப் பிடிக்க ஓர் ஒட்டியாணம் வேண்டும். நிலைக்கும் ஜன்னலுக்கும் மேலே துண்டு துண்டாக லிண்டல் போடுகிறோமல்லவா? அதையே கம்பி வைத்து, எல்லாச் சுவர்களின் மேலும் அறுபடாத வளையமாக ஓட்டிவிடுங்கள். கம்பி மூலையில் நின்றுவிடாமல் அடுத்த சுவருக்குள் திரும்ப வேண்டும். செலவு கொஞ்சம் கூடும். பெண்ணுக்குச் செய்யும் ஒட்டியாணத்தை நினைத்தால் இது மலிவு!

முன்யோசனை வீண்போகாது என்பதற்குச் சாட்சியும் உண்டு. 1931-ல் பலுசிஸ்தானத்தில் மாச் என்ற ஊரில் பூகம்பம் வந்தது. அதற்குப் பிறகு எஸ். எல். குமார் என்ற ரயில்வே என்ஜினீயர், குவெட்டாவில் ரயில்வே குடியிருப்புகளைப் பூகம்பம் தாங்கும்படி அமைத்தார். 1935 மே 31-ந் தேதி குவெட்டா நகரமே தரைமட்டமாயிற்று. அந்தக் குடியிருப்புகளோ நின்றன!

தூண் நிறுத்திக் கட்டுகிறவர்களுக்கு வேறு கவலை. கீழே கார் நிறுத்தச் சுவரில்லாமல் விட்டு, மேலே மாடிமேல் மாடியாக ஏற்றிய கட்டடங்கள் பல, 2001 பூஜ் பூகம்பத்தின்போது எங்கோ தள்ளியிருந்த ஆமதாபாத்தில் மடிந்து விழுந்தன. கீழ்த்தளத்திலும் சில இடங்களிலாவது காங்கிரீட் சுவர் வேண்டும். தூணுக்குக் கட்டும் ரிங் கம்பி நெருக்கமாக இருக்கட்டும்; அதன் முனை வெறுமனே மடிந்து நில்லாமல், தூணின் உட்பக்கமாகக் கொக்கிபோல் வளைந்திருக்க வேண்டும். கம்பி கட்டுகிறவர் முணுமுணுப்பார். ஒரு காப்பி வாங்கிக் கொடுத்துப் பக்கத்திலேயே நின்று பார்த்துவிடுங்கள். காங்கிரீட் கொட்டிவிட்டால் அப்புறம் பார்க்க முடியாது.