வெள்ளாளன்விளையிலிருந்து தோர்ணக்கல் வரை

மாணவர் சங்கம் என்றதும் நம் பிள்ளைகளுக்கு என்ன நினைவுக்கு வரும்? ஆண்டுக்கொரு கலைவிழா, தலைவர் பதவிக்கு ஒரு போட்டி, நடுவில் ஆசிரியரை உட்கார வைத்து ஒரு குழுப்படம். படிப்பு முடிந்தால் சங்கமும் முடிந்தது. பிறகு அந்தப் படம் வீட்டுச் சுவரில் தொங்கும். அதில் இருந்தவர்கள் ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள்.

அப்படி முடித்துக் கொள்ளாத ஒரு தமிழரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவர் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர். அந்தச் சபையில் பேராயர் பதவிக்கு வந்த முதல் இந்தியரும் அவர்தான். ஆனால் அவர் கதையில் பதவியைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. எளியவர்களுக்கு உதவப் போகிறவன் எந்த முகத்தோடு போகிறான், எஜமானாகவா, தோழனாகவா என்ற கேள்விதான் அது. அதை உலகத்தாரின் முன்னால் எழுந்து நின்று கேட்டவர் அவர். கேட்டதோடு நில்லாமல், அந்தக் கேள்விக்குத் தாமும் பதில் சொல்ல வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா என்பது அவர் பெயர். பிறந்தது 1874-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள். ஊர், திருநெல்வேலிச் சீமையில் பனைமரங்கள் சூழ்ந்த வெள்ளாளன்விளை. இன்று அது தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. தந்தை தாமஸ் வேதநாயகம் அந்த ஊரின் குருவானவர். (திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தங்கள் குருவை ‘ஐயர்’ என்றே அழைப்பார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது கொஞ்சம் குழப்பமாகத்தான் இருக்கும்!) தந்தை காலமானபோது அசரியா சிறு பையன். தாயார் எல்லன் அம்மையார் கண்டிப்பானவர். அவருடைய கையில்தான் பிள்ளை வளர்ந்தது.

மேற்படிப்புக்குச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனார். அப்போது அந்தக் கல்லூரி தாம்பரத்தில் இல்லை. ஜார்ஜ் டவுனில் இருந்தது. எடுத்த பாடம் கணிதம். கடைசித் தேர்வு நெருங்கிய சமயத்தில் நோய் வந்து படுக்கையில் தள்ளிவிட்டது. பட்டம் கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் பி.ஏ. என்ற இரண்டெழுத்துக்கு இருந்த மதிப்பை நம் தாத்தாமார்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது கையில் இல்லாமல் 1895-இல், இருபத்தோராவது வயதில், அவர் ஒய்.எம்.சி.ஏ. எனப்படும் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

அந்த வேலை பதினான்கு ஆண்டு நீடித்தது. தென்னிந்தியாவின் கல்லூரி ஊர்களுக்கெல்லாம் போவார். மாணவர்களைக் கூட்டுவார், வேதம் படிப்பார்கள், ஜெபிப்பார்கள், பேசுவார்கள். அடுத்த ஊருக்கு ரயில் ஏறுவார். 1896-இல் ஷெர்வுட் எடி என்ற அமெரிக்க இளைஞர் அதே சங்கத்தின் மாணவர் பணிக்காக இந்தியாவுக்கு வந்தார். பணக்கார வீட்டுப் பிள்ளை, தமிழும் கற்றுக்கொண்டார். இருவரும் சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றினார்கள். வெள்ளைக்காரர் ஒருவரும் தமிழர் ஒருவரும் சமமாகப் பழகுவது அன்று சாதாரணக் காட்சி அல்ல. அப்படிப் பழக முடியும் என்பதை அசரியா தம் சொந்த வாழ்க்கையில் கண்டுகொண்டார். பின்னால் அவர் பேசிய பேச்சுக்கு இந்த நட்பும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

1898-இல் அன்பு மரியம்மாளை மணந்தார். தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் கல்லூரி வாசல் மிதித்த முதல் சிலரில் ஒருவர் அந்த அம்மையார். வரதட்சணை வாங்காத கல்யாணம். சொந்தபந்தங்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

யாழ்ப்பாணம் போட்ட சூடு

1902-இல் அசரியா யாழ்ப்பாணம் போனார். அங்கே அவர் கண்டது அவரை உலுக்கிவிட்டது. யாழ்ப்பாணத்துத் தமிழ் மாணவர்கள் தங்களுக்குள் ஒரு சங்கம் அமைத்து, தாங்களே பணம் திரட்டி, கடல் கடந்து இராமநாதபுரம் கரையிலுள்ள தொண்டிக்கு ஊழியர் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். படிக்கிற பிள்ளைகள்! இங்கே திருநெல்வேலியிலோ ஆயிரக்கணக்கான குடும்பங்கள், பள்ளிக்கூடங்கள், கோயில்கள் எல்லாம் இருந்தும், எதற்கும் வெள்ளைக்கார மிஷனின் கையை எதிர்பார்க்கும் வழக்கம் மாறவில்லை.

ஊர் திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. 1903-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. ஆட்கள் நம்மவர், பணம் நம்முடையது, நிர்வாகமும் நம்முடையது என்பதுதான் சங்கத்தின் அடிப்படை. இரண்டு ஆண்டு கழித்து, 1905 கிறிஸ்துமஸ் நாளில், வங்காளத்துச் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் தொடங்கப்பட்டது. அதற்கும் அசரியாதான் செயலாளர். சேலத்துக்காரரான கே.டி. பால் அவருக்குத் தோள் கொடுத்தார். 1907-இல் இருவரும் தோக்கியோவில் நடந்த உலக மாணவர் கிறிஸ்தவ சம்மேளன மாநாட்டுக்கும் போய்வந்தார்கள். ஆசிய நாடொன்றில், ஆசியர்களே முன்னின்று காரியம் நடத்துவதைக் கண்ணாரக் கண்ட பயணம் அது.

திருநெல்வேலிச் சங்கம் தன் ஊழியத்துக்குத் தேர்ந்த இடம் தோர்ணக்கல். நிஜாம் ஆண்ட ஐதராபாத் சமஸ்தானத்தில், சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கப் பக்கம் ரயில் பிரியும் ஒரு சந்திப்பு. தெலுங்கு பேசும் மக்கள். அவர்களிலும் யாரிடம் போனார்கள் என்றால், ஊருக்கு வெளியே தள்ளி வைக்கப்பட்டிருந்த மாலர், மாதிகர் ஆகிய இரு சாதியாரிடம்.

அடுத்தவரைப் ‘போங்கள்’ என்று அனுப்பிக்கொண்டே நான் சென்னையில் உட்கார்ந்திருப்பதா என்ற எண்ணம் அசரியாவை அரித்தது. சங்கத்தில் அவருக்கு நல்ல பெயர், மேலும் உயரலாம். அதையெல்லாம் விட்டார். 1909-இல் குருப்பட்டம் பெற்று, முப்பத்தைந்து வயதில், மனைவி மக்களோடு தோர்ணக்கலுக்குப் போய்ச் சேர்ந்தார். வீடு கிடையாது, முதலில் கூடாரத்தில்தான் வாழ்க்கை. பள்ளிப் பிள்ளையைப் போலத் தெலுங்கு எழுத்துப் படித்தார்.

எடின்பரோவில் ஒரு மாலைப் பொழுது

மறு ஆண்டு, 1910 ஜூன் மாதம், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு கூடியது. வந்திருந்தவர்கள் சுமார் 1200 பேர். ஆசியாவிலிருந்து போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவர் அசரியா. அயல்நாட்டு ஊழியரும் உள்நாட்டு ஊழியரும் ஒத்துழைப்பது எப்படி என்பது அவருக்குக் கொடுத்த தலைப்பு.

நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். கைதட்டல் கிடைத்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. இந்திய ஊழியர் வீட்டுக்கு வந்தால் மிஷனரி கை குலுக்குவதில்லை, தம் மேசையில் கூட உட்கார்த்திச் சாப்பிடுவதில்லை, எத்தனை ஆண்டு சேர்ந்து வேலை செய்தாலும் முதலாளி–வேலைக்காரன் உறவுதான் நிலைக்கிறது என்பதை ஒளிவு மறைவில்லாமல் எடுத்து வைத்தார். உங்கள் தியாகத்தை இந்தியத் திருச்சபை என்றும் மறக்காது. பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள். ஆனால் நாங்கள் கேட்பது அன்பு, எங்களுக்குத் தோழர்கள் வேண்டும் என்று கேட்டு முடித்தார்.

மண்டபத்தில் பலருக்கு முகம் சுருங்கியது. சிலருக்குக் கோபம். இந்தியாவில் பல்லாண்டு உழைத்த நல்லவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்; அவர்களுக்கு அது சுட்டிருக்கும். ஆனால் அன்று பேசிய பேச்சுகளில் எது மறந்தாலும், கூடாரத்திலிருந்து போன அந்தக் குருவானவரின் பேச்சு மறக்கவில்லை. நூறு ஆண்டு கடந்தும் அதை எடுத்துப் பேசுகிறார்கள்.

இந்தியர் ஒருவரைப் பேராயராக்க வேண்டும் என்ற யோசனைக்குச் சென்னைப் பேராயர் வொயிட்ஹெட் துணை நின்றார். எதிர்ப்பு இல்லாமல் இல்லை. வெள்ளைக்கார மிஷனரிகள் ஓர் இந்தியருக்குக் கீழே வேலை செய்வதா என்ற கேள்வி ஒருபுறம். திருநெல்வேலியிலேயே சாதியை மனத்தில் வைத்துக்கொண்டு முணுமுணுத்த நம்மவர்கள் மறுபுறம். வெள்ளைக்காரரை மட்டும் குறை சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது! கடைசியில் ஒரு சமரசமாக, சின்னஞ்சிறு மறைமாவட்டம் ஒன்று அவருக்கென வகுக்கப்பட்டது. 1912 டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தா பவுல் பேராலயத்தில் அவருக்குப் பேராயர் பட்டம் சூட்டப்பட்டது. ‘சிறிதாகக் கொடுத்துப் பார்ப்போம்’ என்று கொடுத்தது, சில ஆண்டுகளில் கிருஷ்ணா நதிப்பக்கம் வரை விரிந்தது.

நான்கு பேய்கள்

அவர் செய்த வேலையை இனிப் பார்ப்போம். எனக்கு இந்தப் பகுதிதான் எடின்பரோ பேச்சைக் காட்டிலும் முக்கியமாகத் தோன்றுகிறது.

மாலரும் மாதிகரும் ஊரால் ஒதுக்கப்பட்டவர்கள். ஆனால் அவர்களுக்குள்ளேயே ஒருவரை ஒருவர் ஒதுக்கினார்கள். மாலர் வயல் வேலையும் நெசவும் செய்தவர்கள். மாதிகர் தோல் வேலை செய்தவர்கள். ஒருவர் கையால் மற்றவர் உண்ண மாட்டார். கிணறும் வேறு. மேசையில் கூட உட்கார வைக்கவில்லை என்று வெள்ளைக்காரரைக் கேட்டவர், இங்கே இரண்டு சேரிகளையும் ஒரே பந்தியில் உட்கார வைக்க வேண்டியிருந்தது. ஒரே பள்ளி, ஒரே ஆலயம், ஒரே பாத்திரம் என்பதில் அவர் விட்டுக் கொடுக்கவில்லை. லேசில் நடந்த காரியமல்ல. சில இடங்களில் அவர் காலம் முடியும்வரையும் முழுதாக நடக்கவில்லை.

அழுக்கு, நோய், கடன், குடி: இந்த நான்கும் கிராமத்தைப் பிடித்த பேய்கள் என்று அவர் போகுமிடமெல்லாம் சொன்னார். தோட்டத்து லயங்களில் வாழ்ந்த நம் பெரியவர்களுக்கு இந்த நான்கையும் விளக்கத் தேவையில்லை. சம்பள நாளன்று கள்ளுக்கடைக்கும் கடைக்காரரின் பற்றுக் கணக்குக்கும் இடையில் கூலி கரைந்த கதை எல்லாத் தோட்டத்திலும் உண்டு. தோர்ணக்கல் பக்கத்திலும் அதே கதைதான். பேசிய மொழி மட்டும் வேறு.

இதற்கு வெளியாள் வந்து மருந்து கொடுத்தால் போதாது என்பது அவர் கொள்கை. அந்தச் சேரியிலிருந்தே ஆசிரியரும் குருவும் எழ வேண்டும். தோர்ணக்கலில் குருமாருக்கான பயிற்சிப் பள்ளி ஒன்று நடத்தினார். பயிற்சிக்கு வருகிறவர் தம் மனைவியையும் கூட்டிவர வேண்டும். அவருக்கும் பாடம் உண்டு. வயல் வேலையும் செய்ய வேண்டும். புத்தகம் தொட்டவன் மண்வெட்டி தொடக்கூடாது என்ற எண்ணம் அங்கே செல்லுபடியாகவில்லை. தலைமுறை தலைமுறையாக எழுத்தறியாத குடும்பங்களிலிருந்து குருமார்கள் வந்தார்கள். அவர்களுக்கு மேல்சாதிக்காரரும் நாற்காலி போட்டுப் பேச வேண்டி வந்தது.

இன்னொரு வழக்கம். ஞானஸ்நானம் பெறுகிறவர் தம் கையைத் தம் தலையிலேயே வைத்துக்கொண்டு, கேட்ட செய்தியைப் பிறருக்குச் சொல்லாமல் இருப்பதில்லை என்று தம் வாயாலேயே உறுதி சொல்ல வேண்டும். நேற்றுவரை வாய் திறக்க உரிமை இல்லாதவனுக்கு இன்றைக்கே ஒரு பொறுப்பு! காணிக்கையும் அப்படியே. கஞ்சிக்கு அரிசி போடும் பெண்கள் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைத்து ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். வாங்கிப் பழகிய கைகள் கொடுக்கவும் பழகின. பாட்டும் கூத்தும் அறுவடைத் திருவிழாவும் தெலுங்கு நாட்டு முறையிலேயே நடந்தன. 1939-இல் திறக்கப்பட்ட தோர்ணக்கல் பேராலயத்தைக்கூட ஆங்கில நாட்டுக் கோபுரம்போலக் கட்டாமல், இந்தியக் கட்டடக் கலையைக் கலந்து கட்டினார்.

1912-இல் அந்த வட்டாரத்தில் சுமார் 56,000 ஆக இருந்த சபையார் தொகை, 1941-இல் சுமார் 2,25,000 ஆயிற்று. இந்தப் பெருக்கம்தான் காந்தியடிகளுக்கும் அவருக்கும் இடையே மனவேறுபாட்டை உண்டாக்கியது. ஏழைகளைக் கூட்டம் கூட்டமாக மதம் மாற்றுவதைக் காந்தி ஒப்பவில்லை. ஒதுக்கப்பட்டவன் தனக்கு எது நல்லது என்று தானே தீர்மானிக்கக்கூடாதா என்பது அசரியாவின் நிலை. இரண்டு பக்கமும் நியாயம் பேச ஆளுண்டு. அந்த வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது, வேண்டாம் என்று எதிர்த்தவர் இதே அசரியா. நாட்டு மக்களிடமிருந்து தம் மக்களைப் பிரித்து வைக்கும் சலுகை அவருக்குத் தேவைப்படவில்லை.

பட்டம் வாங்காத அந்த மாணவருக்கு 1920-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. அதற்கு முந்திய ஆண்டு, தரங்கம்பாடியில் பல சபைகளைச் சேர்ந்த ஊழியர்கள் கூடி, பிரிந்து கிடக்கும் சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். கூடியவர்கள் 33 பேர். இருவரைத் தவிர மற்றவர் எல்லாரும் இந்தியர். முன்நின்றவர் அசரியா. அன்று தொடங்கிய பேச்சு இருபத்தெட்டு ஆண்டு இழுத்தது.

1945-ஆம் ஆண்டு பிறந்த நாளன்றே, ஜனவரி முதல் தேதி, அவர் தோர்ணக்கலில் காலமானார். அங்கேயே அடக்கம் செய்தார்கள். 1947 செப்டம்பர் 27-ஆம் நாள் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதைப் பார்க்க அவர் இல்லை. வெள்ளாளன்விளையில் அவர் பிறந்த சபையும், தோர்ணக்கலில் அவர் வளர்த்த சபையும் அன்றுமுதல் அதே திருச்சபையைச் சேர்ந்தவை.