இடத்தோடு வரும் பணம்

காஜாங் வட்டாரத்திலுள்ள இரண்டு பல்கலைக்கழகங்களை எடுத்துக்கொள்வோம். பாங்கியில் உள்ள மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தில் படிப்புச் செலவின் பெரும்பகுதியை அரசே ஏற்கிறது. மின்சார நிறுவனமான தெனாகா நேஷனலுக்குச் சொந்தமான யுனிடெனிலோ முழுக் கட்டணமும் மாணவர் பொறுப்பு. கல்வி உதவி என்றதும் உபகாரச் சம்பளமும், 1997-இல் தொடங்கிய பிடிபிடிஎன் உயர்கல்விக் கடனும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் பி40 எனப்படும் குறைந்த வருமானக் குடும்பத்துக்கு அரசு தரக்கூடிய ஆகப் பெரிய உதவி அரசுப் பல்கலைக்கழகத்தில் ஓர் இடம். அதற்கான வழி எஸ்பிஎம் தேர்வு முடிந்த கையோடு பிரிந்துவிடுகிறது. ஒரு வழியான மெட்ரிகுலேஷன் பெரும்பாலும் ஓராண்டுப் பல்கலைக்கழக முன்படிப்பு; விடுதி உண்டு, மாதப் படித்தொகையும் உண்டு. அதன் இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கு (மலாய்க்காரர், பிற பூர்வகுடியினர்), 10 விழுக்காடு மற்றவர்களுக்கு. 2019-இல் மொத்த இடங்கள் 25,000-லிருந்து 40,000 ஆனபோதும் இந்த விகிதம் மாறவில்லை.

ஆறாம் படிவம் எல்லாருக்கும் திறந்திருக்கிறதே என்பார்கள். திறந்துதான் இருக்கிறது. ஆனால் அங்கே படிக்கும் எஸ்டிபிஎம் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு. மெட்ரிகுலேஷன் மாணவருக்கு மாதாமாதம் கிடைக்கும் படித்தொகை அங்கே இல்லை. பிள்ளையின் சம்பளத்தை எதிர்பார்க்கும் வீட்டில் அந்தக் காத்திருப்பே ஒரு செலவு. கடன் வாங்கித் தனியாரில் படிக்கலாமே என்பதும் பாதி பதில்தான்: உதவி அதிகம் தேவைப்படுகிறவரே கடனோடு வேலைக்குப் போகிறார். முதல்நிலைத் தேர்ச்சி பெற்றால், தகுதி விதிகளுக்கு உட்பட்டு, கடன் தள்ளுபடியாகலாம். படித்துக்கொண்டே பகுதிநேர வேலைக்கும் போகிற மாணவருக்கு அந்தத் தேர்ச்சி எளிதன்று.

2024-இல் பிரதமர் அன்வார் இப்ராஹிம், எஸ்பிஎம்மில் 10ஏ பெறும் எந்த இனத்தவருக்கும் மெட்ரிகுலேஷனில் இடம் உறுதி என்றார். வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் 10ஏ பெறப் பத்துப் பாடமாவது எடுக்க வேண்டும். தமிழ்மொழியையே பள்ளி நேரத்துக்கு வெளியே படிக்க வேண்டிய இடைநிலைப்பள்ளிகள் பல. டியூஷனுக்கு வழியில்லாமல் ஏழு ஏ எடுத்த தோட்டப் பரம்பரைப் பிள்ளையை இந்த உறுதி எட்டுவதில்லை.

அரசியலமைப்பின் 153-ஆம் பிரிவு இட ஒதுக்கீட்டுக்கு இடம் தருகிறது என்ற வாதத்தை ஒதுக்கித் தள்ள முடியாது. கிளந்தான் மலாய் மீனவரின் பிள்ளைக்கும் ஆதரவு தேவை. ஆனால் ஒதுக்கீட்டுக்கு உள்ளேயே குடும்ப வருமானத்துக்கு முன்னுரிமை தர எந்தச் சட்டமும் தடையில்லை. 90-இலும் சரி, 10-இலும் சரி, ஏழைப் பிள்ளை முதலில் அழைக்கப்பட வேண்டும். அதற்கு முதல்படியாக, விண்ணப்பித்தவர் எத்தனை பேர், இடம் பெற்றவர் எத்தனை பேர் என்பதைக் கல்வி அமைச்சு ஆண்டுதோறும் வருமானவாரியாக வெளியிடட்டும்.