பிரியா இடைவெளி

'பலகை' என்பது ஒரு சொல். 'பல கை' என்பது இரு சொற்கள். இரண்டிலும் எழுத்துகள் ஒன்றே. இடையில் விடப்படும் வெற்றிடமே பொருளை வேறுபடுத்துகின்றது. ஓலைச்சுவடிகளில் சொற்களுக்கிடையே இடைவெளி விடும் வழக்கம் இல்லை. படிப்போரே சொற்பிரித்துப் பொருள் கொண்டனர். அச்சுக்கலை பரவியபின் இடைவெளி எழுத்துமுறையின் ஓர் உறுப்பாயிற்று. கணினியிலோ அஃது ஓர் எழுத்துக்குறியாகவே மதிக்கப்படுகின்றது.

இருவகை இடைவெளி

ஒருங்குறி முறையில் ஒவ்வோர் எழுத்துக்குறிக்கும் ஓர் எண் உண்டு. இயல்பான இடைவெளியின் எண் 32. வரி நிறைந்ததும் மென்பொருள் அவ்விடைவெளியில் தொடரை மடக்கி அடுத்த வரிக்குக் கொண்டுசெல்லும். ஆயின், சிலவற்றைப் பிரித்தல் தகாது. 'உ. வே. சாமிநாதர்' என்னும் பெயரின் தலைப்பெழுத்துகள் ஒரு வரியின் இறுதியிலும் பெயர் அடுத்த வரியின் தொடக்கத்திலும் அமைந்தால் படிப்போர் தடுமாறுவர். '10 மி.கி.' என மருந்தின் அளவைக் கூறுமிடத்தில் அத்தடுமாற்றம் தீங்காகவும் முடியலாம்.

இத்தகைய இடங்களில் பயன்படுவதே பிரியா இடைவெளி. இதன் எண் 160. தன் இருபுறமும் உள்ளவற்றை ஒரே வரியில் பிணைத்து நிறுத்துவது இதன் இயல்பு. மைக்ரோசாப்ட் வேர்டில் கண்ட்ரோல், ஷிப்ட் விசைகளை அழுத்தியவாறு இடைவெளி விசையைத் தட்டினால் இது பதிவாகும். டொனால்டு நூத் உருவாக்கிய 'டெக்' என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளில் அலைக்குறி இப்பணியைச் செய்கின்றது.

மறைந்திருக்கும் இடர்

கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இவ்விரண்டும் கணினிக்கு வெவ்வேறானவை. இணையப் பக்கங்களிலிருந்து படியெடுக்கும்போது பிரியா இடைவெளியும் நாம் அறியாமலே உடன்வருவதுண்டு. உதவி பெறுவோர் பட்டியலொன்றில் 'மு. கண்ணகி' என்னும் பெயர் இவ்வாறு பதிவாகியிருப்பதாகக் கொள்வோம். இயல்பான இடைவெளியிட்டுத் தேடினால், சில மென்பொருள்கள் அப்பெயர் இல்லை என்றே விடையளிக்கும். பெயர் இருந்தும் உரியவர்க்கு உதவி சேராமற்போகும். விரிதாளில் எண்ணோடு இது ஒட்டியிருப்பின், அவ்வெண் சொல்லாகக் கருதப்பட்டுக் கூட்டலில் விடுபடும். மிகையான இடைவெளிகளை நீக்கும் எக்செலின் 'ட்ரிம்' என்னும் சார்பும் 160ஆம் குறியைத் தீண்டுவதில்லை.

களையும் வழி

வேர்டில் மறைகுறிகளைக் காட்டும் வசதியை இயக்கினால், இயல்பான இடைவெளி புள்ளியாகவும் பிரியா இடைவெளி சிறு வட்டமாகவும் புலப்படும். வேண்டாதவற்றைத் தேடி மாற்றிவிடலாம். எனினும், அனைத்தையும் ஒருசேர நீக்குதல் முறையன்று. தேடலுக்கும் கணக்கீட்டிற்கும் உரிய தரவுகளில் இயல்பான இடைவெளியே அமைதல் வேண்டும். அச்சிடுதற்குரிய பனுவலில் தேவையான இடந்தோறும் பிரியா இடைவெளி அமைதல் நன்று.

சேர்த்தெழுத வேண்டியதைச் சேர்த்தும், பிரித்தெழுத வேண்டியதைப் பிரித்தும் எழுதுதல் தமிழுக்குரிய எழுத்துநெறி. அந்நெறியைக் கணினியிலும் பேணுவோர் எழுத்தில் பிழையும் மயக்கமும் குறையும்.