சிறுநீரகக் கட்டிகளும் சிறுதுளைச் சத்திரசிகிச்சையும்: ஊவாத் தோட்டப்புற நோக்கு

சிறுநீரகத்தில் தோன்றும் புற்றுக்கட்டி நெடுங்காலம் நோவின்றி வளர்வது. சிறுநீரில் குருதி கண்ட பின்னரே வைத்தியரை நாடும் நிலையில், அது பெரும்பாலும் பெரிதாகியிருக்கும். 1960களில் றொப்சன் நிலைநிறுத்திய முறைப்படி முழுச் சிறுநீரகமும், அதனைச் சூழ்ந்த கொழுப்பும், அட்ரீனல் சுரப்பியும் ஒருங்கே அகற்றப்பட்டன. விலாப்புற வெட்டில் தசைகள் அறுபடும். சிலவேளை விலாவெலும்பின் ஒரு பகுதியும் எடுக்கப்படும். கொழுந்துக் கூடையுடன் நமுனுகுலைச் சரிவில் ஏறி இறங்கும் பெண்ணுக்கு இவ்வெட்டு வெறும் தழும்பன்று. எத்தனை நாட்களுக்குப் பேர் விழாது என்பதே அவளுடைய கேள்வி.

1990 இல் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் கிளேமன் குழுவினர் 85 வயது மூதாட்டி ஒருவரின் சிறுநீரகத்தைச் சிறு துளைகள் வழியே முதன்முதலாக அகற்றினர். ஏறத்தாழ ஏழு மணிநேரம் பிடித்த இம்முறையில், வயிற்றறை காபனீரொட்சைட்டினால் ஊதப்பட்டு, லப்பரஸ்கோப் கருவி உட்செலுத்தப்படுகின்றது. இரண்டாண்டுகளின் பின் பம்பாயைச் சேர்ந்த கௌர் வேறு வழி கண்டார். சத்திரசிகிச்சைக் கையுறையை இறப்பர்க் குழாயில் கட்டி, குருதியழுத்தமானியின் பம்பினால் ஊதி, குடலைத் தொடாமல் முதுகுப்புறத்தே இடம் உண்டாக்கினார். அவ்விடம் ஒடுக்கமானதே. எனினும் வறிய நாடுகளின் வைத்தியசாலைகளிலும் கிடைக்கும் பொருள்களாலேயே அது இயன்றது என்பது கருதத்தக்கது.

கட்டியை மட்டும் வெட்டி எஞ்சிய சிறுநீரகத்தைக் காக்கும் பகுதி அகற்றல் இவற்றினும் கடினமானது. நாடியை இறுக்கி, ஏறத்தாழ 25 நிமிடங்களுக்குள் வெட்டித் தைத்து முடிக்க வேண்டும். மணிக்கட்டுப் போல் வளையும் றோபோக் கருவிகள் தையலை எளிதாக்கின, செலவையோ பன்மடங்காக்கின.

காக்கப்படும் பகுதியால் பயனுண்டா? 2011 இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் பகுதி அகற்றல் ஆயுளை நீட்டியதாகக் காணப்படவில்லை. பின்னர் வெளிவந்த முடிவுகள் சிறுநீரகத் தொழிற்பாடு சிறப்பாகப் பேணப்பட்டமையைக் காட்டின. ஆனால் அவ்வாய்வுக்குட்பட்டோரின் மற்றைய சிறுநீரகம் நலமாயிருந்தது. பதுளை மாவட்டத்தின் கிராந்துருக்கோட்டையிலோ காரணம் தெளியாத நாட்பட்ட சிறுநீரக நோய் பரவலாயுள்ளது. மலைத்தோட்டங்களின் நிலை வேறாயினும், நீரிழிவும் குருதி அழுத்தமும் உள்ளவருக்கு இரண்டாம் சிறுநீரகத்தை நம்பியிருத்தல் ஆபத்தானதே.

ஆகவே துளையா, வெட்டா என்பதை முதல் வினாவாகக் கொள்ளுதல் தவறென்பேன். நான்கு சென்ரிமீற்றருக்கு உட்பட்ட கட்டிக்கு, பகுதி அகற்றல் திறந்த வெட்டினால் மட்டுமே இயலுமெனின், துளைவழி முழு அகற்றலிலும் அதுவே மேலானது. பகுதி அகற்றலுக்கு இசையாத பெருங்கட்டிக்குத் துளைவழி முழு அகற்றல் பொருந்தும். நோயாளி விரைவிற் பணிக்குத் திரும்பலாம். ஆயினும் இத்தெரிவு சிறு கட்டியைக் கண்டவர்க்கே உரியது. அதனைக் காட்டுவது பெரும்பாலும் வேறொரு காரணத்துக்காக எடுக்கப்படும் அல்ட்ரா சவுண்ட் ஸ்கான். ஹப்புத்தளை மலையிலிருந்து அதற்காகப் பதுளைக்கு இறங்குபவர் அன்றைய பேரை இழந்தே இறங்குகிறார்.