விசிட் விசாவில் துபாய் வேலை: ‘அங்க போய் மாத்திக்கலாம்’ என்பது உண்மையா?

“விசிட்ல போயிடுங்க, அங்க போய் வேலை விசாவா மாத்திக்கலாம்.” வளைகுடா வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட்டுகளிடம் அடிக்கடி கேட்கக்கூடிய வசனம் இது. முழுப் பொய்யா என்றால், இல்லை. பலரும் நம்பிப் பணம் கட்டிவிடுவது அதனால்தான்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் விசிட் விசாவில் இருப்பவருக்கு ஒரு நிறுவனம் வேலை கொடுத்தால், நாட்டுக்குள் இருந்தபடியே விசாவை மாற்ற வழி இருக்கிறது. ஆனால் அதற்கு அந்த நிறுவனம் விண்ணப்பித்து, தொழிலாளர் அமைச்சகம் வேலை அனுமதி தர வேண்டும். அது கைக்கு வரும்வரை ஒரு நாள் வேலை பார்த்தாலும் சட்டவிரோதம்தான். அனுமதி இல்லாமல் ஆளை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹாம் வரை அபராதம் என 2024இல் சட்டம் கடுமையாக்கப்பட்டது. சவுதி அரேபியா என்றால் கதையே வேறு. வேலை விசாவை ஊரிலிருந்தே வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

விசிட் விசா 30 நாள் அல்லது 60 நாள். கெடு தாண்டினால் அமீரகத்தில் நாளொன்றுக்கு 50 திர்ஹாம் அபராதம். 100 நாள் என்றால் 5,000 திர்ஹாம். நம்ம ஊர்க் காசில் ஒரு லட்சத்தைத் தாண்டும். இதைக் கட்டப்போவது ஏஜென்ட் இல்லை.

இசிஆர் பாஸ்போர்ட்டா?

சென்னைக்காரர்களுக்கு இசிஆர் என்றால் கடற்கரைச் சாலை. பாஸ்போர்ட்டில் அந்த முத்திரை இருந்தால் அர்த்தம் வேறு: பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் அமீரகம், சவுதி, குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்முன் இந்திய அரசின் குடியேற்ற அனுமதி பெற வேண்டும். சுற்றுலாவுக்கு அது தேவையில்லை, திரும்பும் டிக்கெட் காட்டினால் போதும். விசிட் விசா ஏஜென்ட்டுகள் நுழையும் சந்து இதுதான்.

‘கிளியரன்ஸ் தொல்லை இல்லை’ என்று அவர்கள் சொல்லும்போது ஆறுதலாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தொல்லையோடு சேர்ந்து வருவதுதான் பாதுகாப்பும். முறைப்படி போகிறவரின் ஒப்பந்தம், முதலாளி விவரம் எல்லாம் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் பதிவாகிறது. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் கட்டாயம். இரண்டு ஆண்டுகளுக்கு பிரீமியம் வெறும் 275 ரூபாய். சுற்றுலாப் பயணியாகப் போய் சாரத்திலிருந்து விழுந்தவரின் குடும்பம் எதைக் காட்டி இந்தப் பணத்தைக் கேட்க முடியும்?

கட்டும்முன் கேளுங்க

வேலை அனுமதிக்கு முன்பே ஆஃபர் லெட்டர் வரும். சம்பளம், வேலை, விடுப்பு எல்லாம் அதில் இருக்கும். அரபி, ஆங்கிலத்தோடு தொழிலாளிக்குப் புரியும் மூன்றாவது மொழியிலும் அதைத் தரும் முறை அமீரகத்தில் 2016 முதல் உண்டு. அந்த மொழிகளில் தமிழும் ஒன்று. ஆகவே “இங்கிலீஷ்லதான் இருக்கும், கையெழுத்துப் போடுங்க” என்று யாராவது சொன்னால் உஷாராகிவிடலாம்.

ஏஜென்ட்டின் பதிவு எண்ணை இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம். பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் மட்டுமே, அதுவும் ரசீதோடு. ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று ரொக்கமாகக் கேட்டால் அது கட்டணமே இல்லை. தமிழக அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று 1978 முதல் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை.

விசிட் விசாவில் ஏற்கெனவே போய்ச் சேர்ந்தவர்கள் கெடு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். வேலை அனுமதிக்கு விண்ணப்பித்த எண்ணை நிறுவனத்திடம் கேளுங்கள். இழுத்தடித்தால், பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டால் (அமீரகச் சட்டப்படி அது குற்றம்), துபாயில் உள்ள இந்திய உதவி மையத்தை 80046342 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.