தொலைபேசி வழி உளவளத்துணை: வீட்டில் தனிமை உண்டா?

உளவளத்துணை என்றதும் ஒரு மேசை, இரண்டு கதிரைகள், மூடிய கதவு என்பனவே எமது நினைவுக்கு வருகின்றன. ஆனால் தூர இருந்து இச்சேவையை வழங்குவது புதிய விடயமல்ல. தற்கொலை எண்ணத்துடன் இருப்போருக்காக 1953இல் லண்டனில் சாட் வரா என்ற அங்கிலிக்கன் குரு ஒரு தொலைபேசி இணைப்பை ஆரம்பித்தார். 1959இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் தொலைக்காட்சி இணைப்பின் மூலம் குழுச் சிகிச்சை நடத்தினார்கள். இலங்கையில் சுமித்ரயோ 1974 முதல் இயங்கி வருகிறது.

ஆயினும் எமது கிராமங்களுக்கு இது வந்து சேர்ந்தது 2020 மார்ச் ஊரடங்கின் பின்னரே எனலாம். கிளினிக்குக்குப் போக முடியாதவர்களுக்கு மருந்துகள் தபால் மூலம் வந்தன. களப்பணியாளர்களாகிய நாங்கள் கையிலிருந்த போனை எடுத்தோம். 2022இல் எரிபொருளின்றி பஸ்கள் குறைந்தபோதும் அதே வழிதான். மின்வெட்டும் சேர்ந்துகொண்டதால், போனில் சார்ஜ் இருக்கும் நேரம் பார்த்துக் கதைக்க வேண்டியிருந்தது.

வன்னியின் உட்கிராமமொன்றிலிருந்து ஒரு தாய் மாவட்ட வைத்தியசாலைக்கு வருவதென்றால் ஒருநாள் கூலி போய்விடும். பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டும். உளநலப் பிரிவின் வாங்கில் இருப்பதை ஊரவர் எவரும் கண்டுவிட்டால், "விசருக்கு மருந்தெடுக்கிறாள்" என்ற கதை அவருக்கு முன்னரே வீடு போய்ச் சேர்ந்துவிடும். போனில் இந்தத் தொல்லைகள் இல்லை.

ஆனால் அது யாருடைய போன்? பல வீடுகளில் இருப்பது ஒரேயொரு கைத்தொலைபேசி. அதுவும் கணவரிடமோ மூத்த மகனிடமோ இருக்கும். அடிக்கும் கணவன் பக்கத்து அறையில் இருக்கையில் ஒரு பெண் அவனைப் பற்றி எப்படிக் கதைப்பாள்? ஆகவே நாங்கள் சுகம் விசாரிக்க முன்னரே, "இப்ப கதைக்கலாமோ, பக்கத்தில ஆரும் இருக்கினமோ?" என்று கேட்கிறோம். "ஓம்", "இல்லை" என்று மட்டும் பதில் சொல்லக்கூடியதாகவும் கேள்விகளை அமைக்கிறோம்.

நுண்கடனில் சிக்கியிருந்த ஒரு சகோதரி எப்போதும் கிணற்றடியிலிருந்தே கதைப்பார். கப்பிச் சத்தம் எமக்கும் கேட்கும். "கோழிக்குத் தீன் போடோணும் மிஸ்" என்றால் யாரோ வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஒருநாள் அவர், "எல்லாத்தையும் முடிச்சுப்போட்டால் நிம்மதி" என்றார். இவ்வாறான வேளையில் சுற்றிவளைக்கக் கூடாது. சாக நினைக்கிறீர்களா என்று நேரடியாகவே கேட்க வேண்டும். அவ்வாறு கேட்பது எண்ணத்தைத் தூண்டிவிடாது. வீட்டில் வயலுக்கு அடிக்கும் மருந்து இருந்தது. அதை அன்றே அவரது தமக்கை வந்து எடுத்துச் செல்ல ஒழுங்கு செய்தோம். மறுநாள் காலை குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கே போனார். அவர் இன்றும் கிளினிக்குக்கு வருகிறார், கடனும் இன்னும் இருக்கிறது. (இலங்கையில் 1995இன் பின்னர் தற்கொலைகள் குறைந்தமைக்கு, நச்சுத்தன்மை கூடிய பூச்சிகொல்லிகள் தடைசெய்யப்பட்டமை ஒரு முக்கிய காரணம் என்பதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.)

பக்கத்து ஊரில் ஒரு தமக்கை இல்லாதிருந்தால் தொலைபேசியால் மட்டும் என்ன செய்திருக்க முடியும்? நேரில் போகக்கூடிய ஒருவர் ஊரில் இல்லாமல் இச்சேவையை நடத்தப் புறப்படுவது ஆபத்தானது. செலவு குறைகிறது என்று களப்பணியாளர்களைக் குறைத்துவிட நினைப்போர் இதனைக் கவனிப்பது நல்லது.

கணவன் மனைவி இருவரையும் ஸ்பீக்கரில் வைத்துச் சமாதானம் பேசுவதும் சில இடங்களில் நடக்கிறது. அடி உதை உள்ள வீட்டில் இதற்கு நான் உடன்படுவதில்லை. அழைப்பு முடிந்த பின் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பது எமக்குத் தெரியாது. அவர்களோடு தனித்தனியாகவே கதைக்க வேண்டும். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கட்டளை பெறுவதானால் நீதவான் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

முகம் தெரியும்படி வீடியோவில் கதைத்தால் நல்லதென்பார்கள். அதற்கு டேற்றாவுக்குக் காசு வேண்டும். அதுமட்டுமல்ல, முகம் தெரியாதபோதே வாய் திறக்கும் பெண்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

தேசிய உளநல நிறுவகத்தின் இலக்கம் 1926. பெண்களுக்கு 1938, சிறுவர் பாதுகாப்புக்கு 1929. 1333 என்ற இலக்கத்திலும் இலவசமாக உளவளத்துணை பெறலாம். கதைத்து முடிந்ததும் இலக்கத்தைப் போனின் அழைப்புப் பட்டியலிலிருந்து அழித்துவிடுங்கள். வீட்டுப் போனில் பயமென்றால், நம்பிக்கையான பக்கத்து வீட்டு அக்காவிடம் பத்து நிமிடத்துக்கு அவரது போனைக் கேளுங்கள்.